ஒரே ஒரு பாயிண்ட்

பேட்டரியை உள்ளே கொண்டுவர வேண்டாம், தம்பி. வாசலிலேயே இருக்கட்டும். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

உங்களை அனுப்பியது என் கொழுந்தன் தனுஷ்கோடி. தெரியும். காலையிலேயே போன் செய்துவிட்டான். "மதினி, பதினொரு மணிக்கு இன்வெர்ட்டர் கடை ஆள் வருவாரு. ஒண்ணும் சொல்லாம மாட்ட விட்ருங்க." ஒன்றும் சொல்லாமல். என் வீட்டில், என் சுவரில் ஆணி அடிக்க, நான் ஒன்றும் சொல்லாமல் இருக்கவேண்டுமாம்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். மோர் இருக்கிறது, குடியுங்கள். குடித்துவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள். அருப்புக்கோட்டையில் இருக்கிற அத்தனை பேரும் அவர்கள் பக்கத்தைக் கேட்டுவிட்டார்கள். என் பக்கத்தைக் கேட்க ஒரு ஆள் இல்லை. நீங்கள் விற்கிற ஆள், இன்வெர்ட்டர் வேண்டும் என்றுதான் சொல்வீர்கள். பரவாயில்லை. கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் திருமேனி. நூற்பு மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். முப்பத்தொரு வருடம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து, இப்போது நுரையீரல் பழைய தலையணை மாதிரி ஆகிவிட்டது. பங்குனியிலிருந்து வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின். அறையில் இருக்கிற காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்டில் ஓடுகிற மெஷின். கரண்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

இன்றைக்குப் பதினேழு நாளாக அவர் இந்த வீட்டில் இல்லை. திருச்சுழி ரோட்டில் தனுஷ்கோடி வீட்டில் இருக்கிறார். "இன்வெர்ட்டரை மாட்டுங்க, மறுநாளே அண்ணனைக் கொண்டாந்து விடுறேன்" என்கிறான். அடகுக் கடைக்காரன் பேசுகிற பேச்சு. என் புருஷனை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடமே பேரம்.

நான் யார் என்று உங்களிடம் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான்.

மின்சார ஆபீசில் ஃபியூஸ் கால் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவள் நான். ஊரில் எந்த மூலையில் கரண்ட் போனாலும் போன் வந்து விழுகிற மேஜை என்னுடையது. சௌந்திரவல்லி என்கிற பெயர் யாருக்கும் தெரியாது. குரல் தெரியும். கடையில் வெங்காயம் என்ன விலை என்று கேட்டால் போதும், கடைக்காரன் நிமிர்ந்து பார்ப்பான். "கரண்ட் ஆபீஸ் அம்மாதானே?"

திட்டுவார்கள், தம்பி. "நீங்க மட்டும் ஃபேனைப் போட்டுக்கிட்டு சொகமா உக்காந்திருக்கீகளோ?" என்பார்கள். ஆபீசிலும் கரண்ட் இருக்காது. முந்தானையால் விசிறிக்கொண்டே பதில் சொல்வேன். ஒருநாளும் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தது கிடையாது. ஒவ்வொரு அழைப்பையும் எடுத்தேன்.

லைனுக்குப் போக நாலே பேர். ஊர் எவ்வளவு பெரியது! யாரை எங்கே முதலில் அனுப்புவது? அதற்கு நான் ஒரு விதி வைத்தேன். ஒரு தெருவிலிருந்து நாலு போன் வந்தால் டிரான்ஸ்பார்மரில் கோளாறு. இரண்டு வந்தால் கம்பத்தில். ஒன்றே ஒன்று வந்தால் அந்த வீட்டு ஃபியூஸ், காத்திருக்கலாம். வெள்ளை அட்டையில் எழுதி என் மேஜைக்கு மேலே ஒட்டினேன். புதிதாக வருகிற எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். மேலதிகாரிகூடப் பாராட்டினார்.

சரி, இவ்வளவு தெரிந்தவள் ஏன் வீட்டில் ஒரு இன்வெர்ட்டர் வைக்கவில்லை என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. சொல்கிறேன்.

எங்கள் அப்பா லைன்மேன். எண்பத்தொன்றாம் வருடம், வைகாசி மாதம், நல்ல முகூர்த்த நாள். ஒரு கல்யாண மண்டபத்துப் பக்கம் கம்பி அறுந்துவிட்டது. அப்பா டிரான்ஸ்பார்மரில் கரண்டை இறக்கினார், அவரே தன் கையால் இறக்கினார், அதற்குப் பிறகுதான் கம்பத்தில் ஏறினார். மண்டபத்துக்காரர்கள் ஜெனரேட்டரைப் போட்டார்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் உங்களுக்குத் தெரியும். வெளிக்கம்பியை வெட்டிவிட்டுத்தான் ஜெனரேட்டரை உள்ளே சேர்க்கவேண்டும். அவர்கள் அது வைக்கவில்லை. ஜெனரேட்டர் கரண்ட் மண்டபத்துக்கு விளக்கும் போட்டது, வந்த வழியே திரும்பிக் கம்பத்துக்கும் போனது. கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பி அப்பா தொட்டார்.

உள்ளே மேளம் நிற்கவில்லை. அதை அவர்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை, கேட்டிருக்காது. ஆனால் ஒருவர் வெளியே வந்து, கீழே கிடந்தவரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் கேட்டாராம்: "கரண்ட் எப்ப வரும்? டீசல் தீரப் போகுது." இதை எங்கள் அம்மாவிடம் வந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம், தாவரவியல். படிப்பை முடித்ததும் அப்பா செத்ததற்காக எனக்கு வேலை கொடுத்தார்கள்.

அதிலிருந்து, வீட்டுக்கு வீடு தனியாகக் கரண்ட் வைத்துக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆமாம், தெரியும் தம்பி, இன்வெர்ட்டர் அப்படித் திரும்பிப் போகாது. நன்றாக மாட்டினால் போகாது. நன்றாக மாட்டினால். அந்த மண்டபத்து ஒயர்மேனும் நன்றாக மாட்டியதாகத்தான் போலீசில் சொன்னான்.

பங்குனியில் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் கேட்டார். "வீட்ல கரண்ட் போனா என்னம்மா ஏற்பாடு?"

"நான் கரண்ட் ஆபீஸ்ல இருந்தவ, டாக்டர்" என்றேன்.

"அதனால உங்க வீட்டுக்கு மட்டும் போகாதாம்மா?"

சின்ன வயது டாக்டர். சிரித்தார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மூக்கில் குழாயோடு அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

ஆனால் நான் செய்து காட்டினேன். பராமரிப்புக்காக எந்தத் தேதியில் எந்தப் பகுதியில் நிறுத்துவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நாட்களில் காலையிலேயே அவரையும் மெஷினையும் தனுஷ்கோடி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். சாயங்காலம் கூட்டி வந்துவிடுவேன். நாலு மாதம் இப்படித்தான் ஓடியது. நடுவில் இரண்டு தடவை சொல்லாமல் போனது. நான் போன் செய்தேன், அஞ்சு நிமிடத்தில் வந்துவிட்டது. அவர் ஒன்றும் சிரமப்படவில்லை. கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். இரண்டாவது தடவை முடிந்த பிறகு, "வல்லி, இன்வெர்ட்டர் ஒண்ணு பாத்தா என்ன?" என்றார். "வந்துருச்சுல்ல?" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேண்டும் என்றால் இன்னொரு தடவை கேட்டிருக்க மாட்டாரா?

அந்தப் புதன்கிழமை. மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவியாகிவிட்டது. ரசம் சாதம், இரண்டு கரண்டிதான் சாப்பிட்டார். மெஷின் நின்றது. நிற்கும்போது கீச்சென்று ஒரு கூப்பாடு போடும். பிறகு அதுவும் ஓய்ந்தது. ஓடுகிற சத்தத்துக்குப் பழகிய வீட்டில் அந்த மௌனம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

நான் ஒரு நொடி வீணாக்கவில்லை. நேரே போனுக்குப் போனேன். அதோ, ஹாலில், சுவரில் இருக்கிறதே அதுதான். செல்போன் டவரை நம்பி நான் இருப்பதில்லை. அது ஒயர் போன், வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். 

இப்போதெல்லாம் புகாரை எடுப்பது எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். நல்ல குரல். தேன் தடவின குரல். இணைப்பு எண் கேட்டாள், பார்க்காமல் சொன்னேன். தட்டிப் பார்த்தாள். "உங்க தெருவுல வேற யாருமே புகார் குடுக்கலியேம்மா. உங்க வீட்டு ஃபியூஸாத்தான் இருக்கும். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்க."

என்னிடம்! என் வீட்டு ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் ஃபேன் சுற்றுகிறது. எல்லா வீட்டிலும் டிவி. எந்த நாடகத்திலோ ஒரு பெண் அழுகிறாள், அந்த அழுகை தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அறுபடாமல் போகிறது. பதினாலு வீடு, தம்பி. என் வீட்டைத் தவிரப் பதிமூன்றிலும் இன்வெர்ட்டர். பாதி உங்கள் கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும். கரண்ட் போனது ஒருவருக்கும் தெரியாது. தெரியாதவன் எப்படிப் புகார் கொடுப்பான்? கம்பி அறுந்து தெருவில் கிடந்தாலும் விளம்பரம் முடிகிறவரை எழுந்து பார்க்க மாட்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "எல்லார் வீட்லயும் இன்வெர்ட்டர் ஓடுதும்மா, அதான் யாரும் கூப்பிடல."

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்ப அவங்க வீட்லல்லாம் கரண்ட் இருக்குதானம்மா?"

வைத்துவிட்டேன். உள்ளூர் ஆபீசுக்குப் போட்டேன். மாரிக்கண்ணு எடுத்தான். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவன், இப்போது ஃபோர்மேன். "அம்மா! நீங்களா! நல்லாருக்கீகளா? சார் நல்லாருக்காகளா?"

"சார் மெஷின் நின்னு கெடக்குடா. ஆளை அனுப்பு."

"ஆள் பூராவும் பாலையம்பட்டி லைன்ல இருக்காகம்மா. அங்கருந்து ஆறு கால் வந்துருச்சு. உங்க தெருவுக்கு ஒரே ஒரு கால்தான் காட்டுது. ஒரு காலுக்கு ஆளை எறக்கக் கூடாதுன்னு நீங்கதானம்மா சொல்லிக் குடுத்தீக?"

பாருங்கள் அந்தத் திமிரை. சொல்லிக்கொடுத்தவளுக்கே பாடம் நடத்துகிறான். விதி என்றால் கண்ணை மூடிக்கொண்டா பார்ப்பது? கூப்பிடுகிறது யார், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? "எம் புருஷன் மூச்சு வாங்குறாருடா" என்றேன். "அப்படிச் சொல்லாத ஆளே கெடையாதுன்னு நீங்க…" என்று ஆரம்பித்தான். போட்ட சத்தத்தில் அடங்கினான். "சரிம்மா, அனுப்புறேன், இப்பவே அனுப்புறேன்" என்றான்.

பிறகு ஜன்னலில் நின்று பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன். மரியசெல்வம் சார், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "சார், கரண்ட் ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க! தெருவுல நாலு போன் போகணும்!"

"எங்க வீட்ல இருக்கேம்மா கரண்டு" என்று வெளியே வந்தார். பிறகுதான் திரும்பி, தன் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடுவதைப் பார்த்துப் புரிந்துகொண்டார். உள்ளே ஓடினார். ஓடிய மனிதர் என்ன செய்தார்? போன் போட்டாரா? இல்லை. ஒரு ஒயரைத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டு சுவரில் ஏறிக் குதித்து வருகிறார். இரண்டு முனையிலும் பிளக். புயல் சமயத்தில் யாரோ செய்து கொடுத்ததாம். "இந்த முனை எங்க வீட்ல, அந்த முனை உங்க சுவத்துல இருக்கிற பிளக்குல சொருகிட்டா வீடு பூராவும் வந்துரும்மா!"

தம்பி, நீங்களே உதட்டைக் கடிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிகிறது. வீடு பூராவும் வரும். மெயின் இறக்காவிட்டால் கம்பத்துக்கும் போகும். மாரிக்கண்ணு ஆளை அனுப்பிவிட்டான். கம்பத்தில் யாரோ ஒருவன் ஏறியிருப்பான். கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பி.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். அவர் கையிலிருந்து பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். "வெளிய போங்க சார், ஒயரை எடுத்துக்கிட்டு வெளிய போங்க!" அந்த வாசற்படியில் நின்று கத்தியது தெருவுக்கே கேட்டது. டிவியையும் மீறிக் கேட்டது. அப்போதுதான் எல்லோரும் வெளியே வந்தார்கள், வேடிக்கை பார்க்க.

என்ன? சொல்லுங்கள்.

ஆமாம். ஆமாம், சாதாரண எக்ஸ்டென்ஷன் ஒயரை அவர் வீட்டிலிருந்து இழுத்து மெஷினை மட்டும் அதில் நேராகச் சொருகியிருக்கலாம். கம்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். டாக்டர் கேட்டார். தனுஷ்கோடி கேட்டான். அவன் பெண்டாட்டி பூங்கோதை கேட்டாள், பிளக்குக்கும் ஹோல்டருக்கும் வித்தியாசம் தெரியாதவள். எனக்கு அப்போது தோன்றவில்லை. கம்பத்தில் ஒருவன் இருக்கிறான் என்றால் எனக்கு வேறொன்றும் தோன்றாது. இது குற்றமா?

யாரும் ஏறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் யாருமே ஏறவில்லை. ஆள் பாலையம்பட்டியிலிருந்து கிளம்பவே இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் ஏறியிருந்தால்?

திரும்பவும் போனுக்குப் போனேன். இந்தத் தடவை மாரிக்கண்ணுவை விட்டுவிட்டு என்ஜினீயரையே பிடித்தேன். எளிதில் கிடைக்கிற ஆள் இல்லை. மூன்று பேர் கைமாறி வந்தார். டிரான்ஸ்பார்மர் எண், ஃபீடர் பெயர், கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள், எல்லாம் சொன்னேன். "நீங்க சொன்னாச் சரியா இருக்கும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எவ்வளவு நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்! நாற்பது நிமிடம் இருக்கும். வேலை முடிந்தது என்று ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

கட்டில் காலி.

பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது. மரியசெல்வம் சாரும் அவர் மனைவியும் அந்த வழியாகவே வந்து, அவரைத் தூக்கிக் காரில் வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பத்தடி தூரத்தில் நிற்கிறேன், ஒரு வார்த்தை இல்லை. ஒரு வீட்டுக்குள் புகுந்து அந்த வீட்டு மனிதரைத் தூக்கிக்கொண்டு போவார்கள், பெண்டாட்டியிடம் சொல்ல மாட்டார்கள். இது எந்த ஊர் நியாயம்?

வார்டில் வைத்துக் கேட்டேன். சண்டையே போட்டேன். மரியசெல்வம் சார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கூப்பிடத்தான்மா போனேன். சார்தான் வேணாம்னு கையைக் காட்டினாரு." இவர் எப்படிக் காட்டினாராம் தெரியுமா? கையை இப்படிக் காதில் வைத்து, போன் பேசுகிற மாதிரி. பிறகு வேண்டாம் என்று விரலை ஆட்டினாராம். பேச மூச்சு இல்லை.

பார்த்தீர்களா? என்னோடு முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்தவருக்கு என் வேலை என்னவென்று தெரியும். அந்த நிலைமையிலும் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தார். இதை யாராவது பேசுகிறார்களா? இதை மட்டும் எல்லோரும் கேட்டுவிட்டு, தரையைப் பார்க்கிறார்கள். நீங்களும் பார்க்கிறீர்கள்.

கரண்ட் ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்து வந்தது. டிரான்ஸ்பார்மரில் அணில் ஒன்று மாட்டிக்கொண்டிருந்ததாம். இவ்வளவுக்கும் ஒரு அணில்.

நாலு நாள் ஆஸ்பத்திரி. பிறகு நேரே அவர் தம்பி வீடு. நான் தினமும் காலையில் பஸ் ஏறிப் போகிறேன். அவருக்குப் பிடித்தது ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போகிறேன். பூங்கோதை வாசலில் நின்று சிரிப்பாள். "இங்க கரண்டு போறதே தெரியாதுக்கா" என்பாள். ஏதோ வைரத்தோட்டைக் காட்டுகிற மாதிரி. "போறது தெரியாம இருக்கிறதுதான்டி ஊருக்குப் பிடிச்ச நோயி" என்றேன். "நோயாளி நல்லாத்தானே இருக்காக" என்கிறாள். வாய்.

அவர் அங்கே டிவி பார்க்கிறார். இந்த வீட்டில் செய்தியைத் தவிர ஒன்றும் பார்க்காத மனிதர், அங்கே நகைச்சுவை பார்த்துச் சிரிக்கிறார். தம்பியோடு தாயம் விளையாடுகிறார். நேற்று கிளம்பும்போது, "எப்ப வர்றீக?" என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். பாக்கலாம்! வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் சொல்கிற வார்த்தை. இத்தனை வருடத்தில் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னது கிடையாது.

கேட்டுக்கு வெளியே பூங்கோதை பின்னாலேயே வந்தாள். சிரிக்கவில்லை. "அக்கா, தப்பா நெனைக்காதீக. பெரியத்தான் இன்வெர்ட்டரைப் பத்திப் பேசவே இல்ல. அதெல்லாம் இவக சொல்றது. பெரியத்தான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாக. கரண்டு போனா வல்லி வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும்னாக."

உட்கார்ந்தால்? நான் பக்கத்தில் உட்கார்ந்தால் கரண்ட் வந்துவிடுமா? மெஷின் ஓடிவிடுமா? யாராவது எழுந்து போய் போன் செய்ய வேண்டாமா? பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்டக்டரிடம்கூடச் சண்டை போட்டேன். உட்கார்ந்தால் போதுமாம்.

சரி. மோரைக் குடித்து முடியுங்கள். முடிவாகச் சொல்கிறேன். மாட்டுங்கள்.

ஆனால் நான் சொல்கிறபடி. ஹால் ஃபேன், டியூப் லைட், சமையலறை, டிவி என்று நீங்கள் ஏதோ தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்களே, அதைக் கிழித்துப் போடுங்கள். ஒரே ஒரு பாயிண்ட். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக். மெஷின் சொருகுகிற பிளக். அது மட்டும்தான் இன்வெர்ட்டரில் வரவேண்டும். மற்றதெல்லாம் கம்பத்துக் கரண்டில் இருக்கட்டும். அது போனால் போகட்டும்.

ஏன் என்றால், தெரியவேண்டும். இந்தத் தெருவில் கரண்ட் போனால், போய்விட்டது என்று தெரிகிற வீடு ஒன்றாவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் யார் சொல்வது? வேர்க்கட்டும். எனக்கு வேர்த்தால் ஒன்றும் ஆகிவிடாது.

அவருக்கா? அவருக்கு ஃபேன் வேண்டாம். நான் விசிறுகிறேன். ஓலை விசிறி இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவேன்.

என்ன? 

போன் ஹாலில்தான் இருக்கிறது. ஆமாம்.

நீங்கள் வேலையைப் பாருங்கள், தம்பி. உள்ளே கொண்டுவாருங்கள் பேட்டரியை.

மாட்டியாகிவிட்டதா? சைன் வேவ் தானே? அந்த மெஷினுக்கு அதுதான் ஒத்துக்கொள்ளும். சரி. மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் ஓடும்போது மெயினுக்கு உட்பக்கக் கம்பியில் டெஸ்டரை வையுங்கள். என் கண் முன்னால் வையுங்கள். எரிகிறதா? இன்னொரு தடவை. எரியவில்லை. கையை எடுங்கள், நானே வைத்துப் பார்க்கிறேன். எரியவில்லை. வெளியே ஒன்றும் போகவில்லை.

இப்போது அந்த டேபிள் ஃபேனைக் கட்டில் பக்கத்துப் பிளக்கில் சொருகுங்கள். மெஷின் அங்கே இருக்கிறது, அதற்குப் பதில் இது. சுற்றுகிறது. ஹால் ஃபேன் நின்றுவிட்டது, இது சுற்றுகிறது. எவ்வளவு நேரம் பார்க்கவேண்டும்? கால் மணி நேரமா? பார்க்கலாம். நான் இந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் போனதிலிருந்து இதில் யாரும் உட்காரவில்லை. விரிப்புகூட மாற்றவில்லை.

இருட்டாக இருக்கிறது, இல்லையா? பகலிலும் இந்த அறை இருட்டுத்தான். ஹாலில் மட்டும்தான் வெளிச்சம்.

இங்கிருந்து போன் தெரிகிறது. நேராகத் தெரிகிறது. நான் இங்கே உட்கார்ந்து அதைப் பார்த்ததே இல்லை. சுவரைப் பார்த்து நின்றுதான் பேசுவேன், ஒரு காதை மூடிக்கொண்டு.

என் முதுகுதான் தெரிந்திருக்கும்.

நாற்பது நிமிடம்.

மெயினைத் தொடாதீர்கள். நான் சொல்கிறவரை போடக் கூடாது. அப்படியே இருக்கட்டும்.

தம்பி, அந்த போன் ஒயரை இந்தக் கட்டில் வரைக்கும் இழுக்க முடியுமா? கதவுக்கு மேலே கொண்டுவந்து, இந்தச் சுவரில், அவர் தலைமாட்டுக்குப் பக்கத்தில். இங்கே உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டே பேசுகிற மாதிரி. ஒரு கை விசிறிக்கு, ஒரு கை போனுக்கு.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? எனக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை. இழுக்க முடியுமா, முடியாதா? வாயைத் திறந்து சொல்லுங்கள்.